மிஷின்காரரின் பூஜ்யங்கள்

வரி அலுவலகத்தின் மூன்றாவது ஜன்னலில் அந்த இளைஞன் எழுத்தராக உட்கார்ந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. குடும்பத்தில் முதல் பட்டதாரி. விதிகளைத் தலைகீழாக ஒப்பிப்பான். அந்த ஜன்னலுக்கு வருகிறவர்கள் தங்களுக்கு வருமானமே இல்லை என்று சொல்லத்தான் வருவார்கள். அன்று வந்தவர் மட்டும், நகக்கண்ணில் மிஷின் எண்ணெய்க் கறையோடு, "எனக்கு இன்னொரு வருமானம் இருக்கு சார். பதினோரு வருஷமா சொல்லாம விட்டுட்டேன்" என்றார்.

வரிசையில் பின்னால் நின்றவர் எட்டிப் பார்த்தார், ஆளுக்குப் புத்தி சரியில்லையோ என்று.

பகலில் அவர் குடிநீர் நிலையத்தில் பம்ப் ஆபரேட்டர். சாயங்காலம் வீடு வீடாகப் போய்த் தையல் மிஷின் பழுதுபார்ப்பவர். தெருவில் எல்லாருக்கும் 'மிஷின்காரர்'. யாரும் அவரைக் காட்டிக் கொடுக்கவில்லை, நோட்டீஸும் போகவில்லை. மகளின் உதவித்தொகைப் படிவத்தில் 'பிற வருமானம்' என்றொரு கட்டம் இருந்ததாம். 'இல்லை' என்று எழுதக் கை வரவில்லையாம். மனைவி இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள், "போறதுதான் போறீங்க, நல்ல சட்டையா போட்டுட்டுப் போங்க" என்றாராம்.

தானாக வந்து சொன்னால் அபராதம் கிடையாது. வரியும் வட்டியும் கட்டினால் போதும். ஆனால் கணக்கு காட்ட வேண்டும். இல்லையென்றால் அலுவலகமே ஒரு தொகையைப் போட்டுவிடும். அப்படிப் போட்டால், மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கென்று வங்கியில் சேர்த்து வைத்தது மொத்தமும் போய்விடும்.

"கணக்கு எங்க இருக்கு?"

"மிஷினுங்ககிட்ட இருக்கு சார்."

வேலை முடிந்ததும் மிஷின் தலையைப் பின்னுக்குச் சாய்த்து, பலகையின் அடியில் பென்சிலால் தேதி, செய்த வேலை, வாங்கிய கூலி மூன்றையும் எழுதிவிடுவது அவர் வழக்கம். அடுத்த தடவை வரும்போது போன தடவை என்ன செய்தோம் என்று தெரிய வேண்டுமே. வேறு நோட்டு, ரசீது எதுவும் கிடையாது.

ஆறு வாரம் அவகாசம் கொடுத்தார்கள். பலகைகளில் இருந்ததையெல்லாம் பார்த்தெழுதிய மூன்று நோட்டுகளோடு மிஷின்காரர் வந்தார். முந்நூற்றுப் பதினெட்டு மிஷின். ஊர் மாறிப் போனவர்களைத் தேடிப் பஸ் ஏறியிருக்கிறார். பழைய இரும்புக்குப் போய்விட்ட ஏழு மிஷின்களுக்கு, தான் வாங்கியதிலேயே அதிகமான கூலியைத் தன் தலையிலேயே போட்டுக்கொண்டிருந்தார்.

அலுவலகக் கண்காணிப்பாளர் நோட்டைப் புரட்டிவிட்டு இளைஞனைப் பார்த்துச் சிரித்தார். "எத்தனை பூஜ்யம் பாத்தியாப்பா? எட்டுல ஒண்ணு சும்மா செஞ்சு குடுத்தாராம். என் மச்சானுக்கே நான் சும்மா ஒரு துரும்ப நகர்த்த மாட்டேன். பூஜ்யத்துக்கெல்லாம் சராசரி கூலி போட்டுரு. சந்தேகமா இருந்தா நாலு வீடு போய்ப் பாத்துட்டு வா."

முதல் வீடு ஒரு தையல்கார அம்மாவுடையது. ஒற்றை அறை, பாதிக்கு மேல் துணி மூட்டை. அந்த அம்மா மிஷினைச் சாய்க்க, இளைஞன் தரையில் மண்டியிட்டுச் செல்போன் வெளிச்சத்தைப் பலகைக்கு அடியில் அடித்தான். எண்ணெய் ஊறிய மரத்தில் பொடி எழுத்து, வரிசை வரிசையாக. கூலி, தேதி. நடுவே ஒரு வரி: 'பூஜ்யம். போன தடவை நான் பூட்டியது சரியில்லை.' அதற்கு மூன்று வரி கீழே: 'பூஜ்யம். ஊசித்தண்டை நானே வளைத்துவிட்டேன். புதுசு என் செலவு.'

"குடுத்தா வாங்க மாட்டாரு தம்பி" என்றார் அந்த அம்மா. "தப்பு என்னுது, நீங்க ஏன் காசு குடுக்கணும்பாரு. சண்ட போட்டு ஒரு டீ குடிக்க வெக்கறதுக்குள்ள என் உயிர் போயிரும்."

அடுத்த மூன்று வீட்டிலும் அப்படியே. எவன் கண்ணும் படாத இடம். மிஷின் சொந்தக்காரர்களே குனிந்து படித்ததில்லை. அங்கே ஒரு மனிதர் பதினோரு வருஷமாகத் தன் கைப்பிசகைத் தேதி போட்டு எழுதிக்கொண்டு வந்திருக்கிறார். கடைசி வீட்டில், பார்த்து முடித்த பிறகும் இளைஞன் எழுந்திருக்கவில்லை. மயக்கம் ஏதும் வந்துவிட்டதோ என்று வீட்டுக்காரர் தண்ணீர் கொண்டுவந்தார்.

படங்களைக் கண்காணிப்பாளர் இரண்டு தடவை பெரிதாக்கிப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி, பூஜ்யம் பூஜ்யமாவே இருக்கட்டும்" என்றார்.

மிஷின்காரர் இப்போதும் பம்ப் ஆபரேட்டர்தான். சாயங்கால வேலைக்கு முறைப்படி அனுமதி வாங்கியிருக்கிறார். வருமானம் வரம்பைத் தாண்டியதால் உதவித்தொகை கிடைக்கவில்லை. வங்கிப் பணத்தில் கட்டணம் கட்டி மகள் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். வரியில் இன்னும் பதினான்கு தவணை பாக்கி.