கயிறு பதிந்த டியூப்

என் லாரி ஷெட்டின் பின்சுவரில், ஓர் ஆணியில் பழைய லாரி டியூப் ஒன்று தொங்குகிறது. இப்போது என் வண்டிகளில் பாதிக்கு டியூபே கிடையாது, டயருக்குள் நேரே காற்றுதான். ஆனாலும் அதைத் தூக்கிப்போட நான் யாரையும் விட்டதில்லை. அரைஞாண் கிடந்த இடுப்பு மாதிரி அதைச் சுற்றி ஒரு கயிறு அழுந்திய தடம் இன்னும் தெரிகிறது. அந்தக் கயிற்றை இழுத்த தோள் இந்தத் தோள். டியூபின் மேல் கட்டிய பலகையில் சொகுசாக உட்கார்ந்து வந்தவன் என் சகலை.

நான் பள்ளிக்கூடத்தில் அதிகம் உட்காராதவன். ஆனால் ஜமுனாமரத்தூரைச் சுற்றி இன்றைக்குத் தார் ரோடு போகிற பல மலை ஊர்களுக்கு முதன்முதலில் ஜீப்பை ஏற்றியவன் நான்தான். வேறு யாராவது தன் பேரைச் சொன்னால் நம்பாதீர்கள். எனக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவன் எவனும் இல்லை. பள்ளம் கற்றுக்கொடுத்தது, பாறை கற்றுக்கொடுத்தது. அந்த ஜீப்பை நானும் சகலையும் கூட்டாக வாங்கினோம். என் பெண்சாதியின் தங்கையைக் கட்டியவன், எனக்கு ஒத்த வயசு. மேலே போகும்போது உப்பு, மண்ணெண்ணெய், அரிசி. இறங்கும்போது புளி, சாமை. மழைக்காலத்தில் ஓடை பெருகினால் ஜீப் இக்கரையிலேயே நின்றுவிடும். டியூப்களுக்குக் காற்றடித்து, மேலே பலகை கட்டி, மூட்டைகளை ஏற்றி அக்கரை சேர்ப்போம். சகலைக்கு நீச்சல் தெரியாது. அதனால் அவன் மூட்டையோடு மூட்டையாக மேலே ஏறிக்கொள்வான். நான் மார்பளவு தண்ணீரில் கயிற்றைத் தோளில் போட்டு இழுப்பேன்.

"நீ இழு சகல, நான் ராஜா மாதிரி குந்திக்கினு வர்றேன்!" என்று மேலே இருந்து கத்துவான். அக்கரையில் காத்திருக்கிற ஜனம் அவனைப் பார்த்துத்தான் சிரிக்கும். உப்பு வந்தது என்றால் அவன் பேரைத்தான் சொல்லும். இழுத்தவன் ஓரமாக நின்று வேட்டியைப் பிழிந்துகொண்டிருப்பேன். அன்றைக்கு நெஞ்சில் பற்றிய எரிச்சல் இது. நடுவில் அணைந்தது என்று நினைத்திருந்தேன்.

நினைத்ததற்குக் காரணம் உண்டு. ரோடு வந்ததும் அவன் தன் பங்கை என்னிடமே விட்டுவிட்டு, கலசப்பாக்கத்தில் ஒரு ரைஸ் மில்லில் வேலைக்குப் போய்ச் சேர்ந்தான். நான் லாரிக்கு மேல் லாரி வாங்கினேன். இந்த மலையில் ஜெயித்தவன் யார் என்று கேட்டால் கைக்குழந்தைகூட என் ஷெட்டைக் காட்டும். அப்படியிருக்க, அவனுடைய ஒரே மகள் படித்துப் படித்து விமானம் ஓட்டும் லைசென்ஸ் வாங்கிவிட்டாள். என் பையன்கள் இரண்டு பேரும் நல்ல டிரைவர்கள்தான். ஆனால் ஆலங்காயம் தாண்டினால் வழி கேட்டு எனக்கே போன் போடுவார்கள்.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பனும் மகளும் மலை பஸ் ஏறி என் வீட்டுக்கு வந்தார்கள். லைசென்ஸ் போதாதாம், இன்னொரு படிப்பு படிக்க வேண்டுமாம். சக்கரம் இருக்கிற இடத்தில் இரண்டு படகைக் கட்டிய சின்ன விமானம் இருக்கிறது. ரோடே இல்லாத காட்டு ஊர்களுக்கு அது சாமான் கொண்டுபோய் ஏரித் தண்ணீரில் இறங்கும். அதை ஓட்டப் பழக்கும் பள்ளிகள் கனடாவில் இருக்கின்றன. மூன்றைப் பார்த்து வைத்திருந்தாள். சேமிப்பெல்லாம் ஒரே ஒரு பள்ளிக்குத்தான் காணும், தப்பான இடத்தில் சேர்ந்தால் திரும்பவும் முயல வழியில்லை என்றாள். போனில் படங்களைத் தள்ளித் தள்ளிக் காட்டினாள்.

"டியூபு கட்டின ஜீப்பு சகல!" என்று சகலை தொடையைத் தட்டிச் சிரித்தான். "நாம பண்ணதுதான். இவ ஆகாசத்துல பண்ணப் போறா."

"பெரிப்பா, ரோடில்லாத ஊருக்கு வண்டி ஓட்டினவங்க நீங்க. எதுல சேரட்டும், நீங்க சொல்லுங்க" என்றாள் அந்தப் பெண்.

எனக்கு வயிறு எரிந்தது. மறைப்பானேன்? நான் செய்த அதே வேலைக்கு அங்கே பள்ளிக்கூடம் வைத்திருக்கிறார்கள். அதுவும் மூன்றில் ஒன்றைப் பொறுக்கிக்கொள்ளலாம். எனக்குப் பொறுக்க என்ன இருந்தது? மட்டம் தட்டித்தான் பேசினேன்.

"இன்னாம்மா, பெரிய பில்டிங்கா காட்டுற? அந்த வாத்தியாருங்க நெசமா மூட்ட ஏத்தி ஓட்டினவங்களா, இல்ல சொல்லிக் குடுத்தே வயசானவங்களா? ஒரே ஏரியில சுத்திச் சுத்தி எறக்கிட்டு சர்ட்டிபிகேட் குடுத்துடுவாங்களா? வண்டிய உன் கையில தனியா குடுப்பாங்களா, இல்ல கடைசி வரைக்கும் பக்கத்துலயே குந்திக்கினு இருப்பாங்களா? பக்கத்துல ஆளு இருக்கறவரைக்கும் நீ டிரைவர் இல்ல, கிளீனரு."

உள்ளேயிருந்து என் பெண்சாதி, "கொழந்த ஆசையா கேக்குது, இப்படியா பேசுவீங்க?" என்றாள். அந்தப் பெண்ணின் முகம் வாடவில்லை. "இன்னொரு தடவ சொல்லுங்க பெரிப்பா" என்றாள். சொன்னேன். இன்னும் காட்டமாகவே சொன்னேன்.

அவள் அந்த மூன்று கேள்விகளையும் மூன்று பள்ளிகளிடமும் கேட்டுவிட்டாள். பெரிய பில்டிங்காரர்கள் தங்கள் ஏரியின் அழகைப் பற்றி நிறைய சொன்னார்கள், தனியாக மட்டும் ஓட்ட விடமாட்டார்களாம், இன்சூரன்ஸ் ஒத்துக்கொள்ளாதாம். இரண்டாவது பள்ளி கேள்வியை விட்டுவிட்டு எப்போது சேருகிறாய் என்று கேட்டது. மூன்றாவது ஒரு தகர ஷெட். அங்கே சொல்லிக்கொடுக்கிறவர்களே பாதி நாள் காட்டு ஊர்களுக்குச் சரக்கு ஓட்டுகிறவர்கள். ஏரி, ஆறு, அலை அடிக்கிற தண்ணீர், கண்ணாடி மாதிரி அசையாத தண்ணீர் எல்லாவற்றிலும் இறக்கிப் பழக்குவோம், கை தேறினால் தனியாக அனுப்புவோம், தேறாவிட்டால் அனுப்ப மாட்டோம் என்றார்களாம். அவள் தகர ஷெட்டில் சேர்ந்தாள்.

சகலை சும்மா இருப்பானா? மலை ஏறி வந்து சந்தையில் நின்று, "பள்ளிக்கூடம் பொறுக்கினது என் சகல!" என்று தண்டோரா போட்டுவிட்டுப் போனான். புளி வாங்க வந்தவன் என் கையைக் குலுக்கினான். புகழ்ச்சி பிடிக்காதவன் இல்லை நான். ஆனால் அந்தப் புகழ்ச்சி தொண்டையில் இறங்கவில்லை. வழி காட்டியவன் என்ற மாலை எனக்கு எதற்கு? வண்டி ஓட்டுகிறவனுக்கு அந்த விமானத்தின் டிரைவர் இருக்கை அல்லவா வேண்டும்?

அவள் தேறினாள். அந்தத் தகர ஷெட்டிலேயே வேலையும் கிடைத்தது. சகலையையும் கனடாவுக்கே கூப்பிட்டுக்கொண்டாள். சென்ற வாரம் நான் காலை டீ குடித்துக்கொண்டிருக்கும்போது வீடியோவில் அழைப்பு வந்தது. அங்கே இன்னும் முந்தின நாள் சாயங்காலம். கரையில் யாரோ போனைப் பிடித்திருந்தார்கள். விமானம் ஏரியில் இறங்கி, இன்ஜின் நின்று, கரைக்குக் கொஞ்ச தூரத்தில் மிதந்தது. உள்ளே அவள். அவளுக்குப் பின்னால் மூட்டைகள்.

"எறங்குப்பா, கயித்தப் புடி" என்றாள்.

கரையில் நின்ற சகலை பேண்ட்டை மடித்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கினான். "யம்மா, ஜில்லுனுக்குதே! சகல, பாத்தியா கொடுமைய? என்ன இழுக்க வுட்டுட்டா!"

"பேசாத இழுப்பா. நான் ராணி மாதிரி குந்திக்கினு வர்றேன்."

பக்கத்தில் நின்ற என் பெண்சாதி விழுந்து விழுந்து சிரித்தாள். "உங்க பழி தீந்துச்சா?" என்று கேட்டாள். தீர்ந்திருக்க வேண்டும். ஆயுசிலேயே முதல் தடவையாக அவன் தண்ணீரில் நிற்கிறான், கயிறு அவன் கையில் இருக்கிறது. ஆனால் அவன் இழுக்க இழுக்க அந்த விமானம் ஒரு கன்றுக்குட்டி மாதிரி அவன் பின்னாலேயே வந்தது. அவன் கயிற்றைக் கையில் சுற்றியிருந்தான்.

"கையில சுத்தாதடா, கை அறுத்துக்கும், தோள்ல போடு!" என்று கத்தினேன். அதற்குள் அழைப்பு அறுந்துவிட்டது.

டீயை வைத்துவிட்டு ஷெட்டுக்குப் போனேன். டியூபை ஆணியிலிருந்து இறக்கி அந்தத் தடத்தில் விரலை வைத்துப் பார்த்தேன். இத்தனை வருஷம் அவன் உட்கார்ந்த பலகைக்காகப் பொறாமைப்பட்டேன். இப்போது பலகை வேண்டாம். அவள் விமானத்தை இழுத்த அந்தக் கயிறு என் தோளில் கிடந்திருக்க வேண்டியது.