வெள்ளைத் துணியில் நான் எழுதாத எழுத்து

ஜெகதீசண்ணன் போய்விட்டார். காலையில் அவர் மகன் போன் செய்தான். மூன்று மணிக்கு வேங்கிக்கால் வீட்டிலிருந்து எடுக்கிறார்களாம்.

பெங்களூரிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறேன். ஊத்தங்கரை தாண்டும்போதே மணி ஒன்று... முகத்தைப் பார்க்க முடியுமா தெரியவில்லை.

எழுபதுகளின் கடைசியில் திருவண்ணாமலையில் ஒரே ஆபீஸ், பக்கத்துப் பக்கத்து மேஜை. அவர் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். என்னுடையது கோழி கிளறினது மாதிரி.

அப்போது எனக்குப் பெண் பார்த்தார்கள். பெண்ணின் அப்பா ஹெட்மாஸ்டர். கையெழுத்தைப் பார்த்தே ஆளை எடைபோடுகிற மனுஷர். மாப்பிள்ளை கைப்பட ஒரு லெட்டர் எழுதட்டும் என்று கேட்டுவிட்டார்.

அண்ணன் எழுதிக் கொடுத்தார். ஹெட்மாஸ்டர் சொக்கிப்போனார். அதோடு நின்றிருக்கலாம்...

அந்த மாதம் எங்கள் ஆபீஸ் டிராமா. சரித்திர நாடகம். அரசவையில் நடக்கும் எழுத்துப் போட்டிதான் கிளைமாக்ஸ். ஜெயிக்கிற ஹீரோ நான், தோற்கிற வில்லன் அண்ணன். ஜனங்கள் பார்க்க ஆளுக்கொரு பெரிய வெள்ளைத் துணியில் மையால் எழுத வேண்டும். இடம்விட்டு எழுந்தவன் தோற்றவன் என்பது ராஜா போட்ட விதி.

என் துணியில் அண்ணன் முன்னாடியே பென்சிலால் எழுத்தை வரைந்து வைத்திருந்தார். அதன் மேல் பிரஷ்ஷை ஓட்டினால் போதும்.

திரை விலகியது. முன்வரிசையில் ஹெட்மாஸ்டர், குடும்பத்தோடு. என் துணியைப் பார்த்தேன்... வெறும் துணி! மாற்றிக் கட்டிவிட்டார்கள். பென்சில் கோடு அண்ணன் பக்கம் இருந்தது.

இரண்டு எழுத்து எழுதினால் லெட்டர் குட்டு உடைந்துவிடும். கல்யாணமும் நின்றுவிடும். ஒட்டு மீசைக்குள் வியர்வை ஓடியது.

திடீரென்று அண்ணன் எழுந்தார். "மன்னா! இவன் துணியில் சூது இருக்கிறது. இடம் மாறித்தான் எழுதுவோம்!" என்று கத்திக்கொண்டே என்னைத் தள்ளிவிட்டு என் இடத்தில் உட்கார்ந்தார்.

திரைக்குப் பின்னால் வசனம் எடுத்துக் கொடுப்பவர் பதறிவிட்டார். "யோவ், அது வசனத்துல இல்லய்யா! எழுந்தா நீ அவுட்டுய்யா!" அது மைக்கில் கேட்டுவிட்டது. ஹால் முழுக்கச் சிரிப்பு. ராஜா வேஷத்தில் இருந்த ஹெட்கிளார்க் திருதிருவென்று விழித்து, "சரி... நடக்கட்டும்" என்றார்.

நான் அவர் இடத்தில் உட்கார்ந்து கோட்டின் மேல் பிரஷ்ஷை ஓட்டினேன். அண்ணன் வேண்டுமென்றே இடது கையால் கிறுக்கினார். எனக்குக் கைதட்டல். அவருக்கு ஊளை.

முடிந்ததும் ஹெட்மாஸ்டர் மேடைக்குப் பின்னால் வந்தார். "பொண்ணு குடுக்கறோம் மாப்ள. ஆனா அந்த ஆள் சகவாசம் மட்டும் வேணாங்க. டிராமாவுலயே எழுதி வெச்சத மீறுறவன், நெஜத்துல என்ன பண்ண மாட்டான்?"

தலையாட்டினேன். இரண்டடி தள்ளி அண்ணன் மீசையைப் பிய்த்துக்கொண்டிருந்தார். கேட்டிருக்கும்.

கல்யாணப் பத்திரிகைக்கு என் கையாலேயே அட்ரஸ் எழுத வேண்டும் என்பது மாமனாரின் ஆசை. அத்தனை கவருக்கும் அண்ணன்தான் உட்கார்ந்து எழுதினார். அவர் பெயருக்கு ஒரு கவர் நான் கொடுக்கவில்லை.

கடைசிக் கவரை ஒட்டிவிட்டு அவரே சொன்னார்: "அன்னிக்கு எனக்கு வெளியூர்ல ஒரு வேலை இருக்குதுடா. வர முடியாது. தப்பா நெனைச்சுக்காத."

வெட்கமாக இருக்கிறது. இத்தனை வருஷமும் வெட்கமாகத்தான் இருந்தது.

கல்யாணத்துக்கு அப்புறம் என் எழுத்தைப் பார்த்துவிட்டு மனைவி கேட்டாள். ஆபீஸில் எழுதி எழுதிக் கை கெட்டுப்போச்சு என்றேன். நம்பினாள். மாமனாரும் நம்பிக்கொண்டே போய்ச் சேர்ந்தார்.

அவள் இப்போது பக்கத்து சீட்டில் போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். "யாருங்க இந்த ஜெகதீசன்? ஒரு வாட்டிகூட நம்ம வீட்டுக்கு வந்ததில்லையே?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டாள். நான் இதைப் போனில் தட்டிக்கொண்டிருக்கிறேன். குரூப்பில் போட்டால் அவள் போனுக்கும் போகும்...

போடுகிறேன்.

வந்துட்டே இருக்கேண்ணா. கொஞ்சம் இருங்க.