ஓடாத மில்லின் சத்தம்

சம்மாந்துறையில் எங்கள் வளவுக்குப் பின்னால் ஒரு நெல் மில் இருக்கிறது. அதனால் வலது காதில் 'டக் டக்' என்று விடாமல் கேட்கத் தொடங்கியதும், பழியை மில்காரர் மேல்தான் போட்டேன். ஜும்ஆத் தொழுகை நேரத்திலும் ஓட்டுகிறாரே என்று ஒரு வெள்ளிக்கிழமை வேலியோரம் நின்று ஏசித் தீர்த்தேன். பள்ளிவாசலுக்குப் புறப்பட்ட மனுஷன் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு பொறுமையாகக் கேட்டார்.

"காலையில இருந்து கரண்ட் இல்ல தங்கச்சி. மில் ஓடவே இல்ல."

எனக்கு வெட்கத்தைவிடப் பயம்தான் கூட. மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன். நாடியும் காதுச் சத்தமும் ஒன்றாகத் துடித்தன.

கல்முனையில் காது டொக்டர் பார்த்துவிட்டு, செவிப்பறைக்குப் பின்னால் சிவப்பாக ஏதோ துடிக்கிறது என்று கொழும்புக்கு அனுப்பினார். மண்டையோட்டின் அடியில் இரத்தக் குழாய்களாலேயே ஆன கட்டி. புற்றுநோய் இல்லை. ஆனால் பேசவும் விழுங்கவும் உதவும் நரம்புகள் அதோடு ஒட்டிக்கிடந்தன. குரல் போனாலும் போகலாம் என்று சத்திரசிகிச்சை நிபுணர் ஒளிக்காமல் சொன்னார்.

"குரல் போனா எனக்குத்தான் நிம்மதி" என்று பகிடி விட்ட என் கணவர், ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்தார்.

"கதைக்க ஏலாமப் போனா நான் நானில்ல டொக்டர்" என்றேன். தாதி அதைச் சிங்களத்தில் சொன்னார். டொக்டர் யோசித்துவிட்டு, நரம்பை விடாமல் பிடித்திருக்கும் கட்டித் துண்டை அங்கேயே விட்டுவிட்டு வருவேன், பேராசைப்பட மாட்டேன் என்றார். முழுவதையும் எடுத்தேன் என்று சொல்லிக்கொள்ள எந்த நிபுணருக்குத்தான் ஆசை இருக்காது? அந்த ஒரு வார்த்தைக்காக இன்றும் அவருக்கு துஆச் செய்கிறேன்.

முதல் நாள் தொடை வழியாக மெல்லிய குழாய் விட்டு, கட்டிக்கு இரத்தம் போகும் வழிகளை அடைத்தார்கள். அறுவடைக்கு முன் வாய்க்காலைக் கட்டி வயலைக் காயவிடுகிற மாதிரி. மறுநாள் காதுக்குப் பின்னால் திறந்தார்கள். அப்படியும் இரத்தம் ஏற்ற வேண்டி வந்ததாம். யார் கொடுத்ததோ, அல்லாஹ் அவர்களுக்கு பரக்கத் செய்யட்டும்.

கண் விழித்ததும் கதைக்கச் சொன்னார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்து ஒன்றும் வராவிட்டால்? கட்டிலடியில் கணவர் நின்றார். தாடி மழிக்கவில்லை, சேர்ட்டின் பொத்தான்கள் ஒன்றுமாறிப் பூட்டியிருந்தன. எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"இந்தக் கோலத்துலயா வந்து நிக்கிறீங்க?"

கரகரவென்று, பாதிக் காற்றாகத்தான் வந்தது. ஆனால் வந்தது.

அவர் என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். "ஏசு புள்ள" என்றார். "இன்னும் கொஞ்சம் ஏசு."