முயலம்மன்

தொண்ணூறுகளில், நாங்கள் புலம்பெயர்ந்து வந்த புக்கெகோஹி என்ற ஊரில் வெங்காயம் தரம் பிரிக்கும் கொட்டகையில் எனக்கு வேலை. எதிரே நின்று அழுகல் பொறுக்கியவள் வேல்ஸ் நாட்டுக்காரி. என் வயதுதான் இருக்கும். கை ஓயாமல் கதை சொல்லுவாள்.

அவள் ஊர்ப் பக்கம் ஒரு மலையிடுக்கில் சின்னத் தேவாலயம் இருக்கிறதாம். அங்கே முற்காலத்துக் கன்னித் துறவி ஒருத்தியை இன்றும் வணங்குகிறார்கள். வேட்டைநாய்கள் துரத்திய முயல் ஒன்று, முட்புதருக்குள் ஜெபித்துக்கொண்டிருந்த அவளுடைய பாவாடைக்குள் ஒளிந்ததாம். நாய்கள் கிட்டப் போகாமல் ஊளையிட்டுப் பின்வாங்கின. வேட்டைக்கு வந்த அரசகுமாரன் அந்த நிலத்தையே அவளுக்குக் கொடுத்து, தஞ்சம் புகுந்த எவரையும் அங்கே தொடக்கூடாது என்றான். அந்த ஊரார் முயல்களை அவளுடைய ஆட்டுக்குட்டிகள் என்பார்களாம், கொல்லமாட்டார்கள்.

துறவியின் பெயர் என் வாயில் நுழையவில்லை. முயலம்மன் என்று வைத்துக்கொண்டேன்.

அந்த வசந்தத்தில் எங்கள் வாடகை வீட்டுத் தோட்டத்தில் கணவர் போட்ட பயற்றங்கன்றுகளை ஒரு முயல் மேய்ந்து தீர்த்தது. அவர் பொறி வாங்கி வந்தார். நான் முயலம்மன் கதையைச் சொன்னேன். எங்கட சாமிகள் காணாதோ, இன்னொண்டும் வேணுமோ என்று சிரித்துவிட்டுப் பொறியை வேலியோரம் வைத்தார்.

மறுநாள் பின்னேரம் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அயல் தோட்டத்து நாய் துரத்த, அதே முயல் வேலிக்குள்ளால் பாய்ந்து வந்து என் காலடியில் இருந்த உடுப்புக் கூடைக்குப் பின்னால் பதுங்கியது. அதன் வயிறு பெருத்திருந்தது.

"இஞ்சருங்கோ, நாயைப் பிடியுங்கோ. பிள்ளைத்தாச்சி போலக் கிடக்கு."

கணவர் ஓடிவந்து நாயின் கழுத்துப் பட்டியைப் பிடித்தார். முயல் மூச்சு ஆறி, வேலிக்கு அப்பால் போய் மறையும் வரைக்கும் அவர் கையை எடுக்கவில்லை.

பிறகு பொறியைக் கழற்றினார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "ஊரிலை ஷெல்லடிக்குள்ள நாங்களும் கோயிலுக்கை ஓடி ஒளிச்சனாங்கள்தானே."

அடுத்த நாள் இதைச் சொன்னபோது வேல்ஸ்காரி வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டாள். சின்ன வயதில் தாயின் கையைப் பிடித்து அந்தத் தேவாலயத்துக்குப் போனவளாம். பிறகு போகக் கிடைக்கவில்லை. தமக்கைக்குக் கடிதம் எழுதி, துறவியின் படம் போட்ட தபால் அட்டை ஒன்றை எனக்காக எடுப்பித்தாள்.

அதை எங்கே வைப்பது என்று நான் யோசிக்க முன்னமே, கணவர் சாமித்தட்டில் முருகனைக் கொஞ்சம் தள்ளி இடம் பண்ணினார்.