ஊற்றுக்கு முள்வேலி

மலைமேல் அரியூர் நாட்டில் வாந்திபேதி புகுந்த வருஷம், அதை விரட்டுவதற்கென்று கீழே சமவெளியிலிருந்து ஓர் அதிகாரி டோலியில் வந்து இறங்கினார். சுமந்து வந்த நால்வரும் சும்மா நிற்க, களைத்துப் போனது என்னவோ உட்கார்ந்து வந்த தொந்திதான். மறுநாளே தண்டோரா போடச் சொன்னார்: ஓடைத் தண்ணீரில் நோய் இருக்கிறது, யாரும் குடிக்கக் கூடாது, ஊற்றுத் தண்ணீர்தான் நல்லது. அதற்கடுத்த நாள், ஊரில் இருந்த ஒரே ஊற்றைச் சுற்றி முள்வேலி போட்டு, ஒரு சேவகனையும் நிறுத்தி, அது தன் முகாமுக்கு மட்டும் என்றார்.

ஊர்க்கவுண்டர் சென்றாயன் வாயைத் திறக்கவில்லை. அவர் வீட்டுக்குத் தினம் ஒரு குடம் ஊற்றுத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.

முகாமுக்குத் தண்ணீர் சுமக்கக் கண்ணாயியைப் பிடித்தார்கள். நாற்பது வயது, புருஷனை இழந்தவள், அதிர்ந்து பேசாதவள். மலைக்காரர்கள் தொட்டால் ஊற்று கெட்டுவிடும் என்ற அதிகாரிக்கு அவள் கை மட்டும் எப்படி ஆகிவந்ததோ! அவள் சுமந்த தண்ணீரில் அவர் இருவேளை குளித்தார், நாயையும் குளிப்பாட்டினார்.

ஐந்தாம் நாள் அவள் நாத்தனார் ராமாயி பேதி கண்டு செத்தாள். ஓடைத் தண்ணீர்தான் குடித்தாள், வேறு ஏது? நிறைகுடத்தோடு ராமாயி வாசலைத் தினமும் கடந்து போனவள் கண்ணாயி. சேவகனுக்குப் பயந்து ஒரு வாய் ஊற்றவில்லை. அதிகாரியைவிடத் தன்மேல்தான் அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

மறுநாள் காலை அவர் காபி குடித்து முடிக்கும்வரை காத்திருந்தாள்.

“சாமி, முட்டி நோவுங்க. மேட்டுக்கு ஏற முடியலீங்க. ரண்டு நாளா ஓடையிலதானுங்க மொண்டு வாரேன்.”

சுத்தப் பொய்.

“அடிப்பாவி! குடிக்கிற தண்ணியுமா?”

“எல்லாமேதானுங்க.”

ஊற்றில் நின்ற சேவகனைக் கூப்பிட்டு விசாரிக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. ஊருக்குத் தைரியம் சொல்ல வந்தவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, “டோலி! டோலி!” என்று அலறினார். உச்சிப்பொழுதுக்குள் சேவகன் உட்பட முகாமே காலி. நாயைக்கூட மறந்துவிட்டார்.

கண்ணாயி நேரே போய் முள்ளைப் பிடுங்கி எறிந்தாள். குடங்களோடு சனம் கூடியது. சென்றாயன் முண்டியடித்து முன்னால் வந்தார்.

“ஏனுங்க கவுண்டரே, இத்தனை நாளாக் குடிச்சது பத்தலீங்களா? பின்னால போய் நில்லுங்க.”

போய் நின்றார்.

அதன்பிறகு ஊரில் இரண்டு சாவுதான். மாசியில் மிளகு வாங்க வந்த முள்ளுக்குறிச்சி வியாபாரி குப்புசாமி ஒரு சேதி சொன்னார்: நோயை அடக்கியதற்காக அந்த அதிகாரிக்குப் பதக்கம் கொடுத்தார்களாம்.

சாமை புடைத்துக்கொண்டிருந்த கண்ணாயி நிமிரவில்லை.

“குத்திக்கட்டும்ங்க. அந்த நெஞ்சுல வேற என்ன இருக்குது?”