ஊசி போட்டு அனுப்பிடறேன்

எண்பதுகளின் தொடக்கம். ஜவ்வாது மலையில் ஒரு கால்நடை மருந்தகத்தில் ஆய்வாளராக இருந்தேன். டாக்டர் வாரம் ஒருநாள்தான் மலையேறி வருவார். மற்ற நாள்களில் நானே ராஜா. வயது இருபத்தாறு. எனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்ற நினைப்பு வேறு.

மாடுகளுக்குக் கோமாரித் தடுப்பூசி போட ஒரு மலைக் கிராமத்துக்குப் போனபோது, ஒரு வீட்டு வாசலில் அந்த நாயைப் பார்த்தேன். பதினான்கு வயதாம். கண் இரண்டிலும் பூ விழுந்திருந்தது. பின்னங்கால்கள் விளங்கவில்லை. இடுப்பில் புண், அதில் புழு. அந்த வீட்டுக் கணவனும் மனைவியும், "எதுனா பண்ணுங்க சார்" என்று கெஞ்சினார்கள்.

"மருந்தகத்துக்குத் தூக்கிட்டு வாங்க. ஒரு ஊசி போட்டு அனுப்பிடறேன்" என்றேன். வலியில்லாமல் உயிரை முடித்துவிடுவதை நாங்கள் எங்களுக்குள் அப்படித்தான் சொல்வோம். அவர்கள் முகம் மலர்ந்தது. பாரம் குறைகிற சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாளே வந்துவிட்டார்கள். பிரசவ வலி கண்ட பெண்களை மலையிலிருந்து இறக்க, மூங்கில் கழியில் கம்பளியைத் தொங்கவிட்டு டோலி கட்டுவார்கள். அதில் நாயைப் படுக்க வைத்து, ஆளுக்கொரு முனையாகச் சுமந்து மூன்று மணி நேரம் நடந்திருந்தார்கள். வழியில் பார்த்தவர்களெல்லாம் சிரித்தார்களாம். சாகடிக்கவா இவ்வளவு பாடு என்று அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

மருந்தை ஊசியில் ஏற்றிவிட்டேன். நாயின் தலையை மடியில் வைத்திருந்த அந்த அம்மா கேட்டார்: "இத போட்ட பொறவு இன்னா சார் குடுக்கலாம்? சாமைக் கூழு குடுத்தா ஒத்துக்குமா?"

ஊசியைக் கீழே வைத்தேன். "அனுப்பிடறேன்னு நான் சொன்னது..." என்று இழுத்தேன்.

"வூட்டுக்குத்தானே சார்?" என்றார்.

பொய் சொல்ல வாய் வரவில்லை. உண்மையைச் சொல்லிவிட்டேன். அந்த அம்மா நாயை அப்படியே இறுக்கி அணைத்துக்கொண்டார். கணவர் திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"இத்தினி வருசமா காட்டுப்பன்னிய ஓட்டி எங்க வெள்ளாமைய காப்பாத்துச்சு சார். செத்தா எங்க வூட்டு வாசல்லயே சாவட்டும். அதுவரிக்கும் வலிக்காம இருக்க வழி இருந்தா சொல்லுங்க, போதும்" என்றார்.

ஊசியில் இருந்ததைப் பின்பக்கம் கொட்டிவிட்டு வந்தேன். புழுக்களை எடுத்து, புண்ணைக் கழுவி மருந்து வைத்தேன். அடிக்கடி புரட்டிப் படுக்க வையுங்கள் என்று சொல்லப்போனால், அதை அவர்கள் முன்பிருந்தே செய்துவந்தார்கள். வயிற்றுக்கடியில் துண்டைக் கொடுத்துத் தூக்கிப் பிடித்து நாயை வெளிக்குப் போகவைப்பதை அவர்களிடம்தான் நான் கற்றுக்கொண்டேன்.

அதன்பின் வாரம் ஒருமுறை நானே ஏறிப் போய்ப் பார்த்தேன். நாலு மாதம் இருந்தது. சாமை அறுப்பின்போது களத்தோரம் இளவெயிலில் படுக்க வைத்திருந்தார்கள். கதிர் அடிக்கும் சத்தத்துக்குக் காதை அசைத்துக்கொண்டிருந்தது. பிறகு ஒருநாள் காலை கூழ் குடித்துவிட்டு, அந்த அம்மா பாத்திரம் கழுவி வருவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டதாம்.

கண் தெரியாவிட்டாலும் என் குரல் கேட்டால் அது வாலாட்டும். அந்த நாலு மாதத்தை ஒரே நிமிடத்தில் பறிக்க இருந்தவன் என்று தெரியாமல் என்னைப் போய் அது நம்பியதை நினைத்தால், இத்தனை வருடம் கழித்தும் எனக்குத் தலை குனிந்துவிடுகிறது.