பாறை வளைந்த கதை

வீட்டுச் சாமான் ஏற்றி இறக்கும் கம்பெனியில் அவரைப் பாறை என்றுதான் கூப்பிடுவார்கள். ஃபிரிட்ஜை ஒற்றை ஆளாக முதுகில் வாங்கிப் படியிறங்குவார். ஆனால் கீழே விழுந்த சாவியை எடுக்கச் சொன்னால் துணைக்கு ஆள் தேடுவார். உடம்பு அவ்வளவு விறைப்பு. அதில் பெருமை வேறு! ஆனைக்கும் அடி சறுக்கும் என்பது ஆனைக்குத் தெரியாது போலும்.

ஒரு நாள் கட்டிலைத் தூக்கும்போது தொடையின் பின்பக்கம் சுரீரென்று பிடித்தது. அந்த வருடத்தில் அது இரண்டாவது தடவை. முதலாளி நல்ல மனுஷன்தான். ஆனாலும் சொல்லிவிட்டார்.

"இன்னொரு தடவ புடிச்சா வண்டி ஏற வேணாம். ஆபீஸ்ல உக்காந்து போன் எடுங்க."

வண்டியின் பின்னால், யார் வீட்டு சோபாவிலோ சாய்ந்துகொண்டு ஊர் சுற்றியவருக்கு அது பேரிடி. நொண்டிக்கொண்டே பிசியோதெரபி பெண்ணிடம் ஓடினார். அவள் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள். முதலில் கொஞ்ச நேரம் நடந்து உடம்பைச் சூடாக்க வேண்டும். பிறகு மெதுவாக நீட்டி, மூச்சை விட்டபடி அப்படியே நிற்க வேண்டும்.

பாறை எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். வலி தணிந்ததும் ஒரு விடியற்காலையில் எழுந்த கையோடு, நடக்காமலே, காலைத் தூக்கி ஜன்னல் கட்டையில் போட்டார். அவருக்குத் தெரிந்த இழுப்பு ஒன்றுதான், லாரியில் கயிறு கட்டும் இழுப்பு. வெடுக் வெடுக்கென்று தன் காலையே இழுத்தார். அவர் போட்ட "ஐயோ!"வில் சமையலறையிலிருந்து மனைவி ஓடிவந்தாள்.

"அது காலுங்க, பீரோ கட்டுற கயிறு இல்ல!"

நல்லவேளை, பெரிதாக ஒன்றுமில்லை. அன்றிலிருந்து அவளே மேற்பார்வை. முதலில் கூடத்துக்கும் வாசலுக்கும் நடை. பிறகு தரையில் உட்கார்ந்து, பாதத்தில் துண்டைக் கோத்து மெல்ல இழுக்க வேண்டும். இழுத்தபடியே அவளோடு பேசவும் வேண்டும். பேச்சு நின்று பல்லைக் கடித்தால் இழுப்பு அதிகம் என்று அர்த்தமாம். அந்தச் சாக்கில் தெருவில் உள்ளவர்கள் தலையெல்லாம் தினமும் உருண்டது. இத்தனை வருடத்தில் இருவரும் இவ்வளவு பேசியதே இல்லை.

வேலையிடத்தில் வண்டியைச் சுற்றி நடந்து காலை வீசினால், "பாறை டான்ஸ் ஆடக் கிளம்பிட்டாருடா!" என்று சிரிப்பார்கள். அவர் காதிலேயே போட்டுக்கொள்வதில்லை.

பிறகொரு நாள், மூன்றாவது மாடியிலிருந்து கனத்த மர அலமாரி இறங்கிக்கொண்டிருந்தது. படி திரும்பும் இடத்தில் மேலே பிடித்தவனுக்குக் கை நழுவியது. மொத்தப் பாரமும் பாறை மேல் சாய, அவருடைய இடது கால் சரேலென்று இரண்டு படி கீழே போய் ஊன்றியது. கீழே நின்ற முதலாளி கண்ணை மூடிக்கொண்டார்.

அலமாரி நின்றது. காலும் நின்றது. அந்தச் சுரீருக்காகப் பாறை மூச்சைப் பிடித்துக் காத்திருந்தார். அது வரவே இல்லை.

அலமாரியை வண்டியில் ஏற்றிவிட்டு, மறைவாகப் போய் மனைவிக்கு போன் போட்டார்.

"என்னங்க, புடிச்சிக்கிச்சா?"

"இல்லடி... புடிக்கல." குரல் உடைந்துவிட்டது.

"பின்ன ஏங்க அழறீங்க?"

"புடிக்கலல்ல... அதான்."

முதலாளி பின்னாலேயே வந்து நின்றிருந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அழுது முடிச்சிட்டு மேல வாங்க. இன்னும் ரெண்டு சோபா இருக்கு."